கோரின் பல் டாக்டரிடம் போனாள்

நவம்பர் வந்துவிட்டால் எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், ஆண்களுக்குப் புத்தி காட்டுப்பக்கம் ஓடிவிடும். மான் வேட்டை சீசன் நெருங்குகிறது என்றால் துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவார்கள், வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு கோட்டைக் கொல்லைக் கொடியில் காயப்போட்டு வீட்டு வாசனையைப் போக்குவார்கள், பெட்டி பெட்டியாக பியர் வாங்கி வண்டியில் ஏற்றுவார்கள். அடுத்த வருடத்துக்கு எந்த இன்சூரன்ஸ் வேண்டும் என்று ஒரு டிக் அடித்துக் கொடுங்கள் என்றால் மட்டும் கை வராது. அந்த டிக்கை அவர்களிடமிருந்து வாங்குவதுதான் என் பிழைப்பு. கவுண்டி அலுவலகத்தில் ஊழியர் சலுகைகள் மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஆர்டிஸ் நான். கடைசி நாள் எப்போதும் மான் சீசனுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. அந்த நாளைக் குறித்த மகராசன் வடக்கு விஸ்கான்சினில் ஒரு நாள்கூட வாழ்ந்திருக்க மாட்டான்.

ஹார்லன் வோஸ்னி மட்டும் அப்படியில்லை. முதல் நாளே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, போன வருடம் எடுத்ததையே இந்த வருடமும் எடுத்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவான். குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டுவான். வெயில் காலத்தில் ரோட்டுப் பள்ளங்களில் தார் ஊற்றுவான். அவனும் நானும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. பள்ளிக்கூட ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் மட்டையடி வாங்கி அவனுடைய மேல்வரிசை முன்பல் இரண்டு தெறித்து விழுந்தபோது நான் வேலி ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்த வாயோடு சிரித்தான், படுபாவி. அப்போது பக்கத்துப் பற்களில் மாட்டிக் கட்டிய பிரிட்ஜ் என்கிற பொய்ப்பல்தான் இத்தனை வருடம் ஓடியது.

இப்போது அது ஓடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரிட்ஜைத் தாங்கிய பற்கள் வேரோடு அழுகிப்போயிருந்தன. பொய்ப்பல் இரண்டும் தாங்கிய இரண்டுமாக முன்னால் நாலு பல்லையும் எடுத்துவிட்டு, தாடையில் ஆணி இறக்கிப் புதுப் பல் கட்ட வேண்டும். பெரிய வேலை. லாரி விலை சொன்னாராம் டாக்டர்.

அது எனக்கு ஹார்லன் சொல்லித் தெரிந்ததில்லை, இன்சூரன்ஸ் எவ்வளவு தரும் என்று டாக்டர் ஆபீஸ் என்னைக் கேட்டதில் தெரிந்தது. அவன் யாரிடமும் எதையும் சொல்கிற ஆளில்லை. ஆனால் நாலு பேர் கண்ணுக்குத் தெரியாமலா இருக்கும்? மற்ற டிரைவர்கள் லாரி ஷெட்டில் சாண்ட்விச் சாப்பிடும்போது இவன் மட்டும் லாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, பிளாஸ்க்கில் கொண்டுவந்த சூப்பில் ரொட்டியை ஊறவைத்துச் சாப்பிடுவான். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு வருவதை நிறுத்திவிட்டான். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாருக்கு மீன் சாப்பிட வராதவன் செத்திருக்க வேண்டும், இல்லை ஊரை விட்டுப் போயிருக்க வேண்டும். பெண்டாட்டி போன துக்கம் இன்னும் ஆறவில்லை என்று ஊர் சொன்னது. பேசும்போது அவன் வாயைக் கையால் மறைத்துக்கொள்வதை ஊர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

அதனால்தான் அந்த வருடம் பல்லுக்கென்று புது இன்சூரன்ஸ் பிளான் ஒன்று வந்தபோது எனக்கு முதலில் அவன் ஞாபகம் வந்தது. பழைய பிளானும் இருந்தது. பழையதில் நாட்டின் எந்த மூலையில் இருக்கும் டாக்டரிடமும் போகலாம், பல் சுத்தம் செய்வதற்கும் சொத்தை அடைப்பதற்கும் முழுசாகக் கொடுப்பார்கள், பெரிய வேலை என்றால் உதட்டைப் பிதுக்கிவிடுவார்கள். புதியது அப்படியே தலைகீழ். பெரிய வேலைக்குப் பாதிக்கு மேல் கொடுப்பார்கள், ஆனால் எங்கள் வட்டாரத்து டாக்டர்களிடம் மட்டும்தான் போக வேண்டும். ஹார்லனுக்கென்றே தைத்த சட்டை என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாகக்கூட இருந்தது, என்னத்துக்குப் பொய் சொல்ல.

முதல் நாள் அவன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கடைசி வாரம் புதன்கிழமை வந்தான். காகிதத்தை மேஜையில் குப்புற வைத்துவிட்டு நகரப் பார்த்தான். திருப்பிப் பார்த்தேன். பழைய பிளான். அதிலும் குடும்பம் என்ற கட்டத்தில் டிக்.

“யோவ் ஹார்லன், நில்லு. இது என்னய்யா?”

“பாத்தாத் தெரியலையா.”

“தெரியுது. உனக்குப் பல்லுல வலியா, இல்ல மண்டையிலயா? புதுசுல பாதிக்கு மேல குடுக்கறான். இதுல உனக்குத் தொடைச்சு விடுவான், அவ்வளவுதான்.”

“பழசே இருக்கட்டும் ஆர்டிஸ்.”

“ஒரு தடவ எடுத்தா அடுத்த நவம்பர் வரைக்கும் மாத்த முடியாது. இன்னொண்ணு கேட்டுக்கோ. புதுப் பிளான்ல சேர்ற அன்னிக்கு வாயில பல்லு இருக்கணும், பிரிட்ஜா இருந்தாலும் சரி. அதுக்கு முன்னாடியே புடுங்கின பல்லுக்கு ஒரு சல்லி தரமாட்டாங்க. இந்த வருஷம் விட்டு, நடுவுல நாலும் போச்சுன்னா, அப்புறம் நீ எந்தப் பிளான் எடுத்தாலும் அந்த ஓட்டை ஓட்டைதான்.”

“டாக்டரும் சொன்னாரு.”

“அப்ப எதுக்குய்யா இந்த வீம்பு? வெளியூர் டாக்டர்கிட்ட போகப் போறியா? நீ கடைசியா இந்தக் கவுண்டி எல்லையத் தாண்டினது எப்ப? குடும்பம்னு வேற டிக் அடிச்சிருக்க, யாரு இருக்கா உன் குடும்பத்துல?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஹார்லன் கையில் இருந்த தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. “வரேன் ஆர்டிஸ்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன. ஹார்லனின் பெண்டாட்டி லுவான் ஆறு வருடத்துக்கு முன் ஒரு நவம்பரில் புற்றுநோயில் படுத்திருந்தாள். இன்னும் சில வாரம் தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மான் சீசன் தொடங்குகிற சனிக்கிழமை வந்தது. எங்கள் ஆண்களுக்கு அந்தச் சனிக்கிழமை கிறிஸ்துமஸுக்கும் ஒரு படி மேல். லுவானே அவனைப் போகச் சொன்னாள். “என் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருந்தா ரெண்டு பேருக்கும் பைத்தியம் புடிக்கும், போய்த் தொலை” என்றாளாம். அவன் போனான். காட்டுக்குள் மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்திருந்தான். அங்கே போன் எடுக்காது. அன்று மத்தியானமே லுவான் போய்விட்டாள். பக்கத்தில் இருந்தது மகள் கோரின் மட்டும், பத்தொன்பது வயதுப் பிள்ளை. அவள் பாருக்குப் போன் போட்டு, பாரிலிருந்து ஒருவன் வண்டி எடுத்துப் போய்த் தேடிப் பிடித்து, ஹார்லன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மறுநாள் விடிந்துவிட்டது. ஆரஞ்சு கோட்டோடு வாசலில் நின்றவனைக் கோரின் ஒரு பார்வை பார்த்தாள். அடக்கம் முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு போனவள்தான், ஊருக்குள் திரும்ப வரவில்லை.

அதற்குப் பிறகு ஹார்லன் வேட்டைக்குப் போவதில்லை. மற்ற டிரைவர்கள் எல்லாரும் காட்டுக்குப் போகும் அந்த நாள்களில் இவன் ஒருவன்தான் ஷெட்டில் காவல். பனி விழுந்தால் அத்தனை ரோட்டையும் இவனே தள்ளுவான்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அலுவலகம் காலியாகிவிட்டது. ஹார்லனுடைய காகிதத்தை நான் இன்னும் கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. அஞ்சு மணிக்குள் ஏற்றியாக வேண்டும். மனசு கேட்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். ஒரு பயல் இல்லை அங்கே. ஹார்லன் தன் லாரிக்குள் இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தான். மறுபக்கக் கதவைத் திறந்து, முழங்கால் வலியோடு ஏறி, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“திட்டறதுக்கு இவ்வளவு தூரம் நடந்து வந்தியா?” என்றான்.

“ஆமா. ஆபீஸ்ல திட்டினா உனக்கு ஒறைக்கல. எனக்கு ஒரு காரணம் சொல்லு. நல்ல காரணமா இருந்தா எறங்கிப் போறேன்.”

கண்ணாடித் துடைப்பானை நிறுத்தினான். பிறகு வெயில் மறைப்புத் தட்டை இறக்கினான். ரப்பர் பேண்டு போட்டு அங்கே சில காகிதங்கள் செருகியிருந்தன. எடுத்து என் மடியில் வைத்தான்.

அந்தக் காகிதங்களைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. குடும்பத்தில் யார் பல் டாக்டரிடம் போனாலும், என்ன செய்தார்கள், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று இன்சூரன்ஸ்காரன் பிளான் வைத்திருப்பவருக்கு ஒரு தாள் அனுப்புவான். மேலேயே இது பில் அல்ல என்று அச்சடித்திருக்கும். யாரும் படிக்க மாட்டார்கள். நேராகக் குப்பைக்குப் போகிற தாள் அது. ஹார்லன் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடவில்லை.

“வீட்ட விட்டுப் போனப்ப கோரின் பர்ஸுல இந்த இன்சூரன்ஸ் கார்டு இருந்துச்சு. அத மட்டும் தூக்கிப் போடல அவ” என்றான். “இத பாரு. மொதல்ல மில்வாக்கி. பல் சுத்தம், எக்ஸ்ரே. அப்புறம் ரெண்டு வருஷம் டென்வர். இந்த டாக்டர் நல்லவனா இருக்கணும், ரெண்டு தடவையும் இவன்கிட்டயே போயிருக்கா. இப்ப டூசான். வெயில் ஊரு. அவளுக்குக் குளிரே ஆகாது, சின்னதுலேருந்து.”

“ஹார்லன்...”

“ஒரு தடவ சொத்தை அடைச்சிருக்கா. சோடாவா குடிச்சிருப்பா, சொன்னாக் கேக்க மாட்டா. இது என்னன்னு பாரு.” ஒரு தாளைத் தனியே எடுத்து நீட்டினான். “ராத்திரி போட்டுக்கற பல் கவசம். தூக்கத்துல பல்ல நறநறன்னு கடிக்கறவங்களுக்குக் குடுப்பாங்களாம், நான் டாக்டர்கிட்ட கேட்டேன். லுவானும் கடிப்பா. மனசு சரியில்லைன்னா கடிப்பா. இது வந்த அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல ஆர்டிஸ்.”

நீட்டிய தாளை வாங்கி மற்ற தாள்களோடு சேர்த்து வைத்தேன்.

“புதுப் பிளான் எடுத்தா டூசான் டாக்டர் செல்லாது. கார்டு நம்பரும் மாறிடும். அவகிட்ட இருக்கறது பழைய கார்டு” என்றான்.

“போன் பண்ணிப் பாக்கலாமில்ல?”

“ஒரு வருஷம் பண்ணினேன். அப்புறம் நம்பர மாத்திட்டா. வேணும்னா அவளே கூப்பிடுவா. வீட்டு நம்பர் அதே நம்பர்தான், இன்னும் சுவத்துல மாட்டித்தான் வெச்சிருக்கேன்.”

நான் அப்போது ஒன்றைச் சொல்லாமல் விழுங்கினேன். இரண்டு வருடத்துக்கு முன் கோரின் என் மேஜைக்குப் போன் செய்திருந்தாள். கார்டு கிழிந்துவிட்டது, அதே நம்பரில் வேறு ஒன்று வேண்டும் என்றாள். விலாசம் கொடுத்தாள். அப்பாவிடம் விலாசத்தைச் சொல்லாதீர்கள் என்றாள். சட்டமும் சொல்லக் கூடாது என்றுதான் சொல்கிறது. ஆனால் சட்டத்தைவிட அவள் குரல்தான் என் வாயைக் கட்டியது. கோபமான குரலாக இருந்திருந்தால் ஒருவேளை மீறியிருப்பேன். அது அழுது முடித்த குரல்.

வேறொன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். “ஹார்லன், மே மாசம் அவளுக்கு இருபத்தாறு. இருபத்தாறு ஆனா அந்த மாசக் கடைசியோட அப்பா பிளான்லேருந்து பேரு தானா விழுந்துடும். அது எந்தப் பிளானா இருந்தாலும் அப்படித்தான்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“மார்ச்சுல ஒரு தடவ போவா. எப்பவும் மார்ச்சுல போவா. அது வரும்.”

“ஒரு தாளுக்கு நாலு பல்லா? பைத்தியக்காரா!”

“ஆமா” என்றான். “ஒரு தாள்தான்.”

காகிதங்களை வாங்கி, வரிசை மாறாமல் அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, மறுபடி தட்டில் செருகினான். நான் இறங்கி நடந்தேன். அஞ்சு மணிக்கு முன்னால் அவன் கேட்டதையே ஏற்றினேன். என் இத்தனை வருட வேலையில் தெரிந்தே தப்பான பிளானை ஏற்றியது அந்த ஒரு தடவைதான். அதைத் தப்பு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

நான் பயந்தது பிப்ரவரியிலேயே நடந்தது. பல் பழுத்து முகம் ஒரு பக்கமாக வீங்கி, காய்ச்சலோடு லாரி ஓட்டியிருக்கிறான். டாக்டர் காத்திருக்க முடியாது என்று நாலையும் எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு கழுத்துத் துணியை மூக்கு வரை இழுத்துக் கட்டிக்கொண்டு திரிந்தான். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் பேசமாட்டான், பொத்தானை இரண்டு தடவை அழுத்தி டிக் டிக் என்று சத்தம் மட்டும் அனுப்புவான். “வோஸ்னிக்கு மரங்கொத்தி பாஷ வந்துடுச்சுடா” என்று ஷெட்டில் சிரித்தார்கள். அவனும் கண்ணால் சிரித்தான். கண்ணுக்குக் கீழே துணி இருந்ததால் வேறு எதுவும் தெரியவில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு நாள் என் மேஜைக்கு வந்தான். உறையை வைத்தான். பல் சுத்தம், எக்ஸ்ரே, டூசான், மார்ச்.

“சொத்தை ஒண்ணும் இல்ல” என்றான் துணிக்குள்ளிருந்து. குரல் காற்றாக வந்தது. “பல் நல்லா வெச்சிருக்கா.”

“சந்தோஷமா உனக்கு?”

“ம்.”

மே மாதம் வந்தது. கோரினுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டியது என் வேலை. உங்கள் பெயர் இந்த மாதக் கடைசியோடு நீக்கப்படுகிறது, இந்தக் கார்டு இனி எந்த டாக்டரிடமும் செல்லாது என்று எழுத வேண்டும். அச்சடித்த வாசகம்தான். ஆனாலும் அன்று அதை உறையில் போட எனக்குக் கை வரவில்லை. டூசான் விலாசத்துக்கு அனுப்பினேன். திரும்பி வரவில்லை.

ஜூனில் கவுண்டி அலுவலகத்துக்கு முன்னால் ரோட்டுக்குத் தார் போட்டுக்கொண்டிருந்தான். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆற வைத்து, ஓரமாகத் திரும்பி நின்று குடித்தான்.

“இனிமே வராதுல்ல?” என்றான்.

“வராது ஹார்லன்.”

தலையாட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டான். அந்தக் கோடைகாலத்தில் அவனைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. சொன்னால் கேட்காதவன், கெட்டுப்போகட்டும் என்று மனதுக்குள் திட்டினேன். திட்டிக்கொண்டே வாரம் ஒரு தடவை சூப் செய்து அவன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். ஒரு தடவை போனபோது ரோட்டோரத் தபால்பெட்டியருகே நின்றுகொண்டிருந்தான். உரக்கடை விளம்பரம் ஒன்று வந்திருந்தது. அதை இரண்டு பக்கமும் திருப்பிப் படித்துவிட்டுத்தான் மடித்தான். எனக்கும் வீட்டில் யாரும் இல்லை. பிள்ளை இல்லை, இருந்த புருஷனை நானே அனுப்பிவிட்டேன். ஆனால் நான் எந்தத் தபாலுக்கும் காத்திருக்கவில்லை. அவன் நிலைமை அதைவிட மோசம் என்று அன்று தோன்றியது.

அக்டோபர் கடைசியில் வேகமாக உள்ளே வந்தான். தொப்பியைக் கழற்றக்கூட இல்லை. கையில் ஒரு தாள், முகத்தில் பயம்.

“ஆர்டிஸ், இவளுக்கு ஏதாவது பிரச்சின வருமா?”

வாங்கிப் பார்த்தேன். அதே தாள். கோரின் வோஸ்னி. டூசான். செப்டம்பர். பல் சுத்தம். கீழே கொட்டை எழுத்தில், மறுக்கப்பட்டது, சிகிச்சை நாளில் இவருக்குப் பிளான் இல்லை என்று இருந்தது.

“பாவம், கார்டு செல்லாதுன்னு அவளுக்குத் தெரியல போல” என்றான். “ஏமாத்தறான்னு கேஸ் கீஸ் போட்டுருவாங்களா? எவ்வளவுன்னு கேட்டுச் சொல்லு, நான் கட்டிடறேன். அவ வேணும்னு செஞ்சிருக்க மாட்டா.”

“உக்காரு மொதல்ல.”

“இல்ல, நான் என்ன சொல்ல வரேன்னா...”

“உக்காருய்யா!”

உட்கார்ந்தான். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். சட்டம் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

“கேஸெல்லாம் ஒண்ணும் கெடையாது. பணத்த அவ கைக்காசு போட்டுக் கட்டியிருப்பா. நான் சொல்றதக் கவனமாக் கேளு. மே மாசமே அவளுக்கு நான் எழுதிட்டேன். கார்டு செல்லாதுன்னு தெளிவா எழுதி அனுப்பினேன். அந்தக் கவர் திரும்பி வரல.”

“கெடைக்காம இருந்திருக்கும்.”

“கெடைக்காதது திரும்பி வரும். சரி, அத விடு. பல் டாக்டர் ஆபீஸ்ல கார்டக் குடுத்ததும் மொதல்ல என்ன பண்ணுவாங்க? கம்ப்யூட்டர்ல தட்டிப் பாப்பாங்க. இது செல்லாதும்மான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பாங்க. பரவாயில்ல, நீங்க அனுப்பிடுங்கன்னு இவ சொன்னாத்தான் அனுப்புவாங்க. இல்லாட்டி அவங்களுக்கு எதுக்கு அந்த வேல?”

ஹார்லன் தாளைத் தன் பக்கம் திருப்பினான். முதல் வரியிலிருந்து படித்தான். விரல் வைத்துப் படித்தான்.

“தெரிஞ்சே குடுத்தாளா?”

“தெரிஞ்சேதான் குடுத்தா.”

“காசு வராதுன்னு தெரிஞ்சுமா?”

“காசு வராது. ஆனா இந்தத் தாள் உன் வீட்டுக்கு வரும்.”

அவன் சிரித்தான். கழுத்துத் துணி எப்போதோ இறங்கியிருந்தது. கை வாயை மறைக்க எழவில்லை. முன்னால் நாலு பல் இல்லாத அந்த ஓட்டைச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு ஹாக்கி மைதானம் ஞாபகம் வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது. அவனுக்கும் கலங்கியது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

“விலாசத்த நான் உனக்குச் சொல்லமாட்டேன்” என்றேன். “அவ சொல்ல வேணாம்னா. ஆனா நீ ஏதாவது எழுதிக் குடுத்தா நான் ஸ்டாம்பு ஒட்டிப் போடுவேன். அத அவ வேணாம்னு சொல்லல.”

“என்னத்த எழுதறது?”

“அத வேற நான் சொல்லணுமா?”

பேனாவை வாங்கிக்கொண்டான். என் மேஜை ஓரத்தில் குனிந்து உட்கார்ந்து, எழுதுவதற்கு முன் ரொம்ப நேரம் தாளைப் பார்த்தான். நான் அந்தப் பக்கம் திரும்பிக் கம்ப்யூட்டரைத் தட்டுவதுபோல் தட்டினேன். முடித்ததும் என்னிடமே நீட்டினான். எழுத்துப் பிழை இருக்கிறதா பார் என்றான். இரண்டே வரி.

‘இந்த வருடமும் நான் வேட்டைக்குப் போகவில்லை. நவம்பர் முழுவதும் வீட்டில்தான் இருப்பேன்.’

பிழை இருந்தது. நான் திருத்தவில்லை.

அந்த நவம்பரில் அவன் பழையபடி முதல் நாளே வந்தான். புதுப் பிளான், தனிநபர் என்று டிக் அடித்தான். குடும்பம் என்ற கட்டத்தின் மேல் பேனா கொஞ்சம் நின்றது, பிறகு கீழே இறங்கியது. மிச்சமிருக்கும் பல்லுக்கு அது நல்ல பிளான்தான். போன நாலுக்கு ஒரு சல்லி வராது. கழற்றி மாட்டுகிற பல்செட் ஒன்றைச் சொந்தக் காசில் வாங்கியிருந்தான். அது பேசும்போது லொடக் லொடக் என்றது, சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். சீசன் நாள்களில் ஷெட்டில் காவல் இருக்க முடியாது என்று மேஸ்திரியிடம் முதல்முறையாகச் சொல்லிவிட்டான். வேட்டைக்கா என்று கேட்டதற்கு, வீட்டில் வேலை இருக்கிறது என்றானாம்.

மான் சீசன் தொடங்கிய சனிக்கிழமை நான் சூப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். ரோட்டில் ஒரு வண்டி இல்லை, ஊரே காட்டில் இருந்தது. கதவைத் தட்டுவதற்கு முன்பே திறந்தான். முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டியிருந்தான். பல்செட் வாயில் இருந்தது. சமையலறைச் சுவரில் மாட்டிய போனுக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தான்.

“உள்ள வா. போன் அடிச்சா மட்டும் நீ வாயத் தொறக்கக் கூடாது” என்றான்.

“எப்பலேருந்து உக்காந்திருக்க?”

“விடிஞ்சதுலேருந்து.”

சூப்பை இரண்டு கிண்ணத்தில் ஊற்றினேன். அவன் சத்தம் வராமல் குடித்தான். காட்டுப் பக்கமிருந்து துப்பாக்கிச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. ஹார்லன் வீட்டில் இருந்தான்.